போஸ்ட்கிரெஸ் கிளம்ப மறுக்கிறது, ஆனால் ஸ்டேட்டஸ் பச்சையாகக் காட்டுகிறது

செவ்வந்தி | காலை 6:48

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். இரவிலும் இயங்கும் இடம். அதிகாலை 2:20க்கு வரவேற்பிலிருந்து போன் வந்தது. ரசீது போட முடியவில்லை, திரையில் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வருகிறது என்றார்கள். நான் வந்து சேரும்போது மணி ஐந்தரை. அதுவரை நீள நோட்டில் கார்பன் தாள் வைத்து, நோயாளி பெயர், வயது, என்ன டெஸ்ட் என்று கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் அப்படித்தான் ஓடுகிறது. எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

சர்வர் உபுண்டு 22.04, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 14. கிளவுட் இல்லை, இங்கேயே ஓர் அறையில் இருக்கும் இயந்திரம். 100 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று.

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று கேட்டால் பச்சையில் "ஆக்டிவ்", பக்கத்தில் "எக்ஸிட்டட்" என்று காட்டுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் முடிகிறது. ஆனால் தரவுத்தளத்துக்குள் நுழைய பிஎஸ்க்யூஎல் அடித்தால், இணைப்புக்கான சாக்கெட் கோப்பே இல்லை என்கிறது. ஓடுகிறதா, ஓடவில்லையா என்பதே எனக்குப் புரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்க?

கொங்கு_லினக்ஸ் | காலை 6:56

அந்தப் பச்சையை நம்ப வேண்டாம் அக்கா. ஓடவில்லை.

டெபியன், உபுண்டு இரண்டிலும் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்ற பெயரில் இருக்கும் சர்வீஸ் வெறும் கூடு. அது உண்மையில் ஓட்டுவது 'ட்ரூ' என்ற ஒன்றும் செய்யாத கட்டளையை மட்டும்தான். அது எப்போதும் வெற்றிதான், அதனால் எப்போதும் பச்சைதான். நிஜமான சர்வர் வேறு பெயரில் இருக்கிறது: 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்@14-மெயின்'. ஒரே இயந்திரத்தில் பல பதிப்புகள் ஓடலாம் என்பதற்காக அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' அடியுங்கள். 14 மெயின் 5432 என்ற வரியில் "டவுன்" என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஃபோல்டரில் இருக்கும் லாகின் கடைசி ஐம்பது வரிகளைப் பாருங்கள். 'ஜர்னல்சிடிஎல் -யு' என்பதோடு அந்த நிஜ சர்வீஸின் பெயரைக் கொடுத்து, சிஸ்டத்தின் பதிவான ஜர்னலையும் பாருங்கள். கூடவே டிஸ்கில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் 'டிஎஃப் -ஹெச்'. நாலையும் இங்கே போடுங்கள். அதுவரை எதையும் மாற்ற வேண்டாம்.

செவ்வந்தி | காலை 7:12

நன்றி தம்பி. நீங்கள் சொன்னபடியே சிவப்பில் "டவுன்".

லாகில் ராத்திரி 2:17:41க்கு இந்த வரி: "பேனிக்: குட் நாட் ரைட் டு ஃபைல் பிஜி_வால்/எக்ஸ்லாக்டெம்ப்.2817: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". அதற்குக் கீழே ஏழெட்டு வரிகள் போய், கடைசி வரி பாதியில் அறுந்து நிற்கிறது. "டேட்டாபேஸ் சிஸ்ட" என்பதோடு முடிந்துவிட்டது. நான் காலையில் ரீஸ்டார்ட் கொடுத்ததற்கான தடயமே லாகில் இல்லை. ஜர்னலில்தான் இருக்கிறது: போஸ்ட்மாஸ்டர்.பிஐடி கோப்பை எழுத முடியவில்லை, டிஸ்கில் இடமில்லை என்று.

டிஎஃப்: மொத்தம் 98 ஜிபி, பயன்பாடு 93 ஜிபி, மீதி 0, 100 சதவீதம்.

எது தின்றிருக்கிறது என்று அளந்து பார்த்தேன். டேட்டா ஃபோல்டருக்குள் பேஸ் 21 ஜிபி. பிஜி_வால் மட்டும் 58 ஜிபி! ராத்திரி 2 மணிக்கு பேக்கப் டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பாக எடுக்கும் நகல்) ஓடும். அதுவும் பாதியில் நின்று 1.1 ஜிபி கோப்பாகக் கிடக்கிறது. முந்தின நாள் டம்ப் வேறு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதை எடுத்து வைத்தால் ஒரு முழு நாள் ரிப்போர்ட் போய்விடும்.

வேகம்_77 | காலை 7:15

58 ஜிபி வால் கோப்புகளா? அப்படியானால் தீர்வு சுலபம். அவை வெறும் லாக். கடைசி பத்து கோப்புகளை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். இடம் கிடைத்ததும் சர்வர் கிளம்பிவிடும். ஐந்து நிமிட வேலை.

பழைய_பேரேடு | காலை 7:19

செவ்வந்தி அம்மா, பிஜி_வால் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். ஒரு கோப்பைக்கூட அழிக்காதீர்கள். இதைப் படித்ததும் "சரி" என்று ஒரு வார்த்தை போடுங்கள், மீதியை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வந்தி | காலை 7:20

சரி ஐயா. தொடவில்லை.

பழைய_பேரேடு | காலை 7:29

நல்லது. இப்போது காரணம் சொல்கிறேன். உங்களுக்கு மட்டும் இல்லை, வேகம் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

என் அப்பா மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அங்கே இரண்டு புத்தகங்கள். ஒன்று சிட்டை, ஒன்று பேரேடு. வியாபாரம் நடக்க நடக்க ஒன்றன்பின் ஒன்றாகச் சிட்டையில் எழுதுவார். சாயங்காலம் உட்கார்ந்து, சிட்டையிலிருந்து ஆள் வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். எதுவரை ஏற்றினாரோ அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார். நடுவில் விளக்கு அணைந்து போனாலும் பயமில்லை. மறுநாள் அந்தக் கோட்டிலிருந்து ஆரம்பித்துச் சிட்டையைப் பார்த்து ஏற்றினால் கணக்கு நேராகிவிடும்.

போஸ்ட்கிரெஸ் செய்வதும் இதேதான். பேஸ் ஃபோல்டர் பேரேடு. பிஜி_வால் சிட்டை. கமிட் ஆனது, அதாவது சேமித்தாயிற்று, என்று சர்வர் பதில் சொல்கிறதே, அந்த நொடியில் அது டிஸ்கில் உறுதியாக எழுதியிருப்பது சிட்டையில் மட்டும்தான். பேரேட்டில் ஏறுவது பிறகு. செக்பாயிண்ட் என்பதுதான் அந்தக் கோடு. ராத்திரி 2:17க்கு சர்வர் விழுந்தபோது, கடைசிக் கோட்டுக்குப் பிறகான ரசீதுகளும் ரிப்போர்ட்டுகளும் சிட்டையில் மட்டுமே இருக்கலாம். அந்தப் பக்கங்களைக் கிழித்தால் பேரேடு பாதி ஏறியும் பாதி ஏறாமலும் நிற்கும், எதை நம்புவது என்று சொல்ல ஆளே இருக்காது.

"கடைசி பத்தை வைத்துக்கொண்டு" என்பதும் ஆபத்துதான். கோப்பின் தேதியைப் பார்த்து எது கடைசி என்று சொல்ல முடியாது. பழைய கோப்புகளுக்குப் புதிய பெயர் வைத்து, பின்னால் வரப்போகும் பக்கங்களாகப் போஸ்ட்கிரெஸ் முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கும்.

இந்தத் தப்பை எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். முன்பு அந்த ஃபோல்டருக்குப் பெயர் பிஜி_எக்ஸ்லாக். பெயரில் லாக் என்று இருந்ததால் வேண்டாத லாக் என்று நினைத்து அழித்தவர்கள் ஏராளம். அதனால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பிஜி_வால் என்று பெயரையே மாற்றினார்கள். தம்பி சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. சிட்டை ஏன் 58 ஜிபி வரை வளர்ந்தது? ஒவ்வொரு கோப்பும் 16 எம்பி. அப்படியானால் 3,700 கோப்புகளுக்கு மேல். சாதாரணமாக ஒரு ஜிபியைச் சுற்றித்தான் நிற்கும், பழையதை போஸ்ட்கிரெஸ் தானே கழித்துவிடும். கழிக்கவில்லை என்றால், யாரோ "நான் வரும்வரை கிழிக்காதே" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தச் சர்வரோடு இன்னொரு இயந்திரத்தை எப்போதாவது ரெப்ளிகாவாக, அதாவது உடனுக்குடன் நகல் வைத்துக்கொள்ளும் துணையாக, இணைத்திருந்தீர்களா?

தனிமரம் | காலை 7:34

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அழித்திருக்கிறேன். 9.6 பதிப்பு, ஒரு துணி வியாபார நிறுவனம். இதே மாதிரி டிஸ்க் நிறைந்தது. பிஜி_எக்ஸ்லாகைக் காலி செய்தேன். சர்வரைக் கிளப்பினால் "குட் நாட் லொகேட் எ வேலிட் செக்பாயிண்ட் ரெக்கார்ட்". இணையத்தில் தேடி பிஜி_ரீசெட்எக்ஸ்லாக் ஓட்டினேன். கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரே பில் எண்ணில் இரண்டு பில்கள் வந்தன. அந்தப் பத்தி பிரைமரி கீ. இரண்டு வரவே கூடாது. பிறகு டம்ப் எடுக்கப் போனால் ஒரு டேபிளில் பாதியில் நின்றது. எது சரியான வரி, எது தப்பான வரி என்று காகித பில்களை வைத்துக்கொண்டு நானும் அங்கிருந்த கணக்கர் அம்மாவும் பதினொரு நாள் ஒத்துப் பார்த்தோம். சில பில்களுக்குக் காகிதமும் இல்லை.

அந்தக் கருவி கிளம்ப வைக்கும், ஆனால் தரவு ஒத்துப்போகும் என்று அது சொல்லவில்லை. ஓட்டிய பிறகு உடனே எல்லாவற்றையும் டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றிச் சரிபார்க்க வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. நான் அதைப் படித்தது பிறகுதான். உங்கள் இடத்தில் இருப்பது ரத்த ரிப்போர்ட். பில் மாறினால் பணத்தோடு போகும்.

வேகம்_77 | காலை 7:38

எனக்கு இது தெரியாது ஐயா. /வார்/லாக் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பதிலை அழித்துவிடட்டுமா? பின்னால் தேடி வருபவர்கள் அதை மட்டும் படித்துவிட்டுப் போய்விடக்கூடாது.

பழைய_பேரேடு | காலை 7:40

அழிக்க வேண்டாம் தம்பி. பதிலும் அதற்கு அடுத்த விளக்கமும் சேர்ந்து இருப்பதுதான் நல்லது.

செவ்வந்தி | காலை 7:43

ஐயா, இணைத்திருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு பழைய டெஸ்க்டாப்பை ஸ்டேண்ட்பையாக வைத்திருந்தார். அதன் ஹார்ட்டிஸ்க் மூன்று மாதத்துக்கு முன்னால் போய்விட்டது. இயந்திரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோம். மெயின் சர்வரில் எதையும் மாற்றவில்லை. அதனால் மெயினுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

இப்போது பிஜி_ரெப்ஸ்லாட் ஃபோல்டரைப் பார்த்தேன். உள்ளே 'ஸ்டேண்ட்பை1' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது.

பழைய_பேரேடு | காலை 7:51

அதேதான். அது ரெப்ளிகேஷன் ஸ்லாட். வெளியூர்க் கிளைக்காரர் வந்து நகல் எடுத்துக்கொள்ளும் வரை சிட்டையில் ஒரு பக்கத்தையும் கழிக்காதே என்ற உத்தரவு. கிளைக்காரர் மூன்று மாதமாக வரவில்லை. உத்தரவு மட்டும் அப்படியே இருக்கிறது. பாவம், போஸ்ட்கிரெஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. ராத்திரி ஓடிய டம்ப் கடைசித் துளி இடத்தையும் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். டம்ப் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நாளில் தானே விழுந்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் மெயின் ஃபோல்டர் முழுவதையும், பிஜி_வாலோடு சேர்த்து, வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். சர்வர் நின்றிருக்கும்போது எடுக்கும் நகல் அப்படியே ஒரு முழுமையான சாட்சி. இதற்குப் பிறகு எது தவறினாலும் இந்த நிமிடத்துக்குத் திரும்பி வரலாம். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கார்பன் நோட்டு ஓடுகிறதே, ஓடட்டும்.

அப்புறம் இடம். பாதியில் நின்ற அந்த 1.1 ஜிபி டம்ப் எதற்கும் பயன்படாது, அதை அழிக்கலாம். இன்னும் கொஞ்சம் இடம் கிடைப்பதற்கு கொங்கு தம்பி வழி சொல்வார் என்று நினைக்கிறேன். கிடைத்ததும் சர்வரைக் கிளப்புங்கள். பிஜி_ரெப்ஸ்லாட் ஃபோல்டரையும் கையால் அழிக்க வேண்டாம். சர்வர் எழுந்த பிறகு அதனிடமே சொல்லி நீக்குவோம்.

கொங்கு_லினக்ஸ் | காலை 7:58

டிஎஃப்பை மறுபடி பாருங்கள் அக்கா. 98இல் 93 போனால் 5 மீதி இருக்க வேண்டும், ஆனால் 0 என்று காட்டுகிறது. எக்ஸ்ட்4 கோப்பு முறை தானாகவே 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். போஸ்ட்கிரெஸ் தனிப் பயனர் பெயரில் ஓடுவதால் அந்த இடம் அதற்குக் கிடைக்காது. உங்கள் லாக் பாதி வரியில் அறுந்ததும் அதனால்தான். 4 கேபி துண்டு நிறைந்ததும் அடுத்த துண்டு கிடைக்கவில்லை. ஜர்னல் ரூட் உரிமையில் ஓடுவதால் அதில் மட்டும் எழுத முடிந்திருக்கிறது.

'ட்யூன்2எஃப்எஸ் -எம் 1' என்று போட்டு உங்கள் பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்தால் ஒதுக்கீடு 1 சதவீதமாகக் குறையும். கிட்டத்தட்ட 4 ஜிபி உடனே கிடைக்கும். மவுண்ட் ஆகியிருக்கும்போதே செய்யலாம், ரீபூட் வேண்டாம். வேலை முடிந்ததும் -எம் 5 என்று பழையபடி ஆக்கிவிடுங்கள். 'ஆப்ட் க்ளீன்' கூடக் கொஞ்சம் தரும்.

நகல் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்க் எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்ஃபேட் என்றால் கோப்பின் உரிமையாளர், அனுமதி எதுவும் நகலில் வராது. அப்போது அவற்றையும் சேர்த்து ஒரே மூட்டையாக்கும் டார் கோப்பாகக் கட்டி வையுங்கள். ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

செவ்வந்தி | காலை 8:02

எக்ஸ்ஃபேட்தான். டாராகக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். கிளப்பும்போது இந்த 58 ஜிபியையும் உட்கார்ந்து படிக்குமா? மத்தியானம் ஆகிவிடுமே.

பழைய_பேரேடு | காலை 8:06

படிக்காது. கடைசிக் கோட்டிலிருந்துதான் படிக்கும். நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் செக்பாயிண்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். உங்கள் அளவுக்குச் சில நொடிகள். சந்தேகம் இருந்தால் பிஜி_கண்ட்ரோல்டேட்டா ஓட்டிப் பாருங்கள், எந்த வால் கோப்பிலிருந்து படிக்கத் தொடங்கும் என்று அதுவே சொல்லும். அது படிக்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. ஆனால் முன்னால் இருக்கும் மற்ற கோப்புகள் வேண்டாதவைதானே என்று அழிக்கத் தோன்றும். தோன்றினாலும் வேண்டாம்.

செவ்வந்தி | காலை 8:47

டார் முடிய 38 நிமிடம் ஆனது. பாதி டம்பை அழித்தேன். ட்யூன்2எஃப்எஸ் போட்டேன். டிஎஃப்பில் மீதி 5 ஜிபி காட்டுகிறது.

ஆனால் இன்னும் கிளம்பவில்லை! இப்போது வேறு பிழை. டேட்டா டைரக்டரிக்கு அனுமதி சரியில்லை, 0700 அல்லது 0750 இருக்க வேண்டும் என்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காலையில் டியூ போட்டு அளந்தபோது அந்த ஃபோல்டருக்குள் போக விடவில்லை. சூடோ போட்டு நிர்வாகி உரிமையில் பார்த்திருக்க வேண்டும். பதற்றத்தில், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் -ஆர் 777 போட்டுவிட்டேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கொங்கு_லினக்ஸ் | காலை 8:51

ஒன்றும் கெடவில்லை அக்கா, சரி செய்துவிடலாம். தன் தரவை எல்லோரும் படிக்கும்படி வைத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் கிளம்பாது. அது நல்ல பிடிவாதம்தான்.

மெயின் ஃபோல்டருக்குள் 'ஃபைண்ட்' கட்டளையை இரண்டு முறை ஓட்டுங்கள். ஒருமுறை டைரக்டரிகளுக்கு மட்டும் 700, இன்னொருமுறை கோப்புகளுக்கு மட்டும் 600. இரண்டையும் ஒன்றாக 700 போட வேண்டாம், ஓடிவிடும் என்றாலும் சரியான நிலை அதுவல்ல. எல்லாவற்றுக்கும் உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் பயனர்தானா என்றும் எல்எஸ் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் @14-மெயின் என்று முழுப் பெயர் சொல்லி ஸ்டார்ட் கொடுங்கள். லாகை இன்னொரு திரையில் 'டெய்ல் -எஃப்' போட்டு ஓட விடுங்கள்.

செவ்வந்தி | காலை 8:59

வந்துவிட்டது!!

லாகில் வரிசையாக வந்ததை அப்படியே எழுதுகிறேன். டேட்டாபேஸ் சிஸ்டம் வாஸ் இன்டரப்டட். அப்புறம், நாட் ப்ராப்பர்லி ஷட் டவுன், ஆட்டோமேட்டிக் ரெகவரி இன் ப்ராக்ரஸ். ரீடூ ஸ்டார்ட்ஸ். அந்த வரியில் நின்றது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நொடி இருக்கும். ரீடூ டன். ரெடி டு அக்செப்ட் கனெக்ஷன்ஸ்.

வரவேற்பில் இருக்கும் அக்கா எட்டிப் பார்த்து, "வந்திருச்சாம்மா?" என்று கேட்டார். இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய_பேரேடு | காலை 9:03

நல்லது. அந்த ஐந்து நிமிடத்தை விடாதீர்கள்.

பிஎஸ்க்யூஎல்லில் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பாருங்கள். ஸ்டேண்ட்பை1 வரியில் ஆக்டிவ் என்ற இடத்தில் "எஃப்" (இல்லை) என்று இருந்தால், பிஜி_ட்ராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் என்ற ஃபங்ஷனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்து நீக்குங்கள். பிறகு செக்பாயிண்ட் என்று ஒரு கட்டளை. டிஎஃப் பாருங்கள்.

அடுத்து, ராத்திரி 2:17க்கு முன்னால் போட்ட கடைசி ரசீது எண் எது, கார்பன் நோட்டின் முதல் வரி எது என்று ஒத்துப் பாருங்கள். கமிட் ஆனது போயிருக்காது. விழுந்த நொடியில் பாதியில் இருந்த ஒன்றிரண்டு மட்டும் ரத்தாகியிருக்கலாம். அதை நோட்டில் பிடித்துவிடலாம்.

செவ்வந்தி | காலை 9:26

ஸ்லாட்டை நீக்கி செக்பாயிண்ட் கொடுத்தேன். 58 ஜிபி இருந்த இடம் ஒரு ஜிபிக்குக் கீழே வந்துவிட்டது. டிஸ்க் 36 சதவீதம்.

கடைசி ரசீதின் நேரம் 2:16. அச்சிட்ட நகல் கையில் இருக்கிறது, திரையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. அதற்கு அடுத்தது ஒரு டெங்கு டெஸ்ட். சேமி பொத்தானை அழுத்தும்போதுதான் பிழை வந்ததாம், அது உள்ளே இல்லை. நோட்டின் முதல் வரி அதே டெங்கு டெஸ்ட். பெயரும் வயதும் சரி. நோட்டில் மொத்தம் 41 பேர். இரண்டு பேர் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயா, தம்பி, தனிமரம், உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலை 7:15க்கு என் விரல் அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தது. நான்கு நிமிடத்தில் ஐயா எழுதாமல் இருந்திருந்தால் அழித்திருப்பேன்.

வேகம்_77 | காலை 9:40

ரொம்ப சந்தோஷம் அக்கா. ஐயா, ஒரு கேள்வி. ஸ்லாட் இப்படி அளவில்லாமல் பிடித்து வைக்காதபடி கட்டுப்படுத்த வழி கிடையாதா?

பழைய_பேரேடு | காலை 9:52

இருக்கிறது. 13ஆம் பதிப்பிலிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு வந்தது. அதற்கு முன்பு உண்மையிலேயே வழியில்லை. ஆனால் அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பு கிடையாது. நாமாகப் போட்டால்தான் உண்டு. செவ்வந்தி அம்மாவின் டிஸ்குக்கு 10 ஜிபி என்று வைக்கலாம். ரீஸ்டார்ட் தேவையில்லை, ரீலோட் போதும்.

தனிமரம் | காலை 10:05

இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. வரம்பு போட்டால், ஸ்டேண்ட்பை ஒரு வார இறுதி நின்றுபோய்த் திரும்பி வரும்போது ஸ்லாட் செல்லாததாகிவிடலாம். மறுபடி முதலிலிருந்து முழு நகல் எடுக்க வேண்டும். பெரிய தரவுத்தளத்தில் அது ஒரு நாள் வேலை. அதைவிட, ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று தினமும் பார்த்து எச்சரிக்கை அனுப்புவதுதான் என் வழக்கம். பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் கொண்டு இப்போதைய இடத்துக்கும் ஸ்லாட் பிடித்து வைத்திருக்கும் இடமான ரீஸ்டார்ட்_எல்எஸ்என்னுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் பைட்டில் வந்துவிடும்.

பழைய_பேரேடு | காலை 10:14

எச்சரிக்கை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெயிலைப் படிக்க ஒருவர் விழித்திருக்க வேண்டுமே. ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் சர்வரில் எது விழலாம், எது விழக்கூடாது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். ஸ்டேண்ட்பையை மறுபடி கட்டலாம். ரசீது போடும் இடம் நிற்கக்கூடாது. அதனால் இங்கே வரம்பும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும் என்பேன். பெரிய குழு இருக்கும் இடத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். ஸ்லாட் இல்லாமலும் இதே நிலைமை வரும். வால் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ்_கமாண்ட் போட்டிருந்து, நகல் போக வேண்டிய இடம் நிறைந்துபோய் அந்தக் கட்டளை தோற்றுக்கொண்டே இருந்தால், அப்போதும் போஸ்ட்கிரெஸ் எதையும் கழிக்காது. அந்த வரம்பு இதற்குப் பொருந்தாது. பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர் பார்த்தால் எத்தனை முறை தோற்றது என்று தெரியும்.

செவ்வந்தி அம்மா, ஓய்வு கிடைக்கும்போது ஒரு முழு டம்ப் எடுங்கள். எல்லா டேபிளையும் கடைசி வரி வரை படித்தால்தான் அது முடியும். 14இல், டேபிள்களும் இண்டெக்ஸ்களும் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் பிஜி_ஆம்செக் வந்திருக்கிறது, கூட்டம் இல்லாத நேரத்தில் அதையும் ஓட்டிப் பாருங்கள்.

நெய்தல் | மதியம் 2:31

இதே தலைப்பு என்பதால் இங்கேயே கேட்கிறேன். என்னிடம் இருப்பது மைஎஸ்க்யூஎல் என்ற வேறு தரவுத்தளம். உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கு மேம்படுத்தினேன். 5.7 போய் 8.0 வந்துவிட்டது. அதிலிருந்து சர்வர் கிளம்பவில்லை. எரர் லாகில் "அன்நோன் வேரியபிள் க்வெரி_கேஷ்_சைஸ்=16எம்" என்று இருக்கிறது. டேட்டா கெட்டுவிட்டதா?

கொங்கு_லினக்ஸ் | மதியம் 2:44

டேட்டாவுக்கு ஒன்றும் இல்லை. க்வெரி கேஷ் என்பதையே 8.0இல் எடுத்துவிட்டார்கள். தெரியாத அமைப்பு ஒன்று இருந்தால் மைஎஸ்க்யூஎல் கிளம்பாது. மைசிஎன்எஃப் என்ற அமைப்புக் கோப்பிலும் அது இழுத்துக்கொள்ளும் மற்ற கோப்புகளிலும் க்வெரி_கேஷ் என்று தொடங்கும் வரிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். எஸ்க்யூஎல்_மோட் வரியில் நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர் இருந்தால் அதையும் எடுக்க வேண்டும், அதுவும் இப்போது இல்லை. பிறகு 'மைஎஸ்க்யூஎல்டி --வேலிடேட்-கான்ஃபிக்' ஓட்டினால், சர்வரைக் கிளப்பாமலேயே மிச்சப் பிழையைச் சொல்லிவிடும்.

லாகில் வேறு எதுவும் இல்லை என்றால் கெட்ட டேட்டாவோடு கட்டாயமாகக் கிளப்பும் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி பக்கம் போகவே வேண்டாம். உங்கள் பிரச்சினை அதுவல்ல.

நெய்தல் | மதியம் 3:10

இரண்டு வரிதான். எடுத்தேன், கிளம்பிவிட்டது. நன்றி.

செவ்வந்தி | எட்டு நாள் கழித்து

என்ன ஆயிற்று என்று தனி மடலில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அதனால் எழுதுகிறேன்.

டம்ப் முழுதாக முடிந்தது. ஆம்செக் ஞாயிறு ராத்திரி ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. வரம்பு 10 ஜிபி வைத்திருக்கிறேன். டம்ப் இனி அதே டிஸ்கில் விழாது, நேராக வேறு பெட்டிக்குப் போகிறது. டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டினால் என் போனுக்கும் வரவேற்பு போனுக்கும் செய்தி வரும். தனிமரம் சொன்ன தூரக் கணக்கையும் சேர்த்துவிட்டேன். புது ஸ்டேண்ட்பை அடுத்த மாதம் வருகிறது. இயந்திரத்தைக் கழற்றினால் ஸ்லாட்டையும் நீக்க வேண்டும் என்று எழுதி, சர்வர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

அந்த டெங்கு டெஸ்ட்காரர் ஒன்பது வயதுப் பையன். ரிப்போர்ட் நெகட்டிவ். அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

இன்று காலை வந்ததும் பிஜி_வால் ஃபோல்டரைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 62 கோப்புகள்.